பேச உட்கார வைத்த மனிதர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பிகள் கேட்டபோது, பாயிலரைப் பற்றியோ பேரிங்கைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஷாப் ஃப்ளோரில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் ஒரு வக்கீலைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ராபர்ட் வாக்னர். தொழிற்சங்கத்தோடு முதலாளி உட்கார்ந்து பேசியே தீரவேண்டும் என்பதை அமெரிக்காவில் சட்டமாக்கிய செனட்டர்.

1877 ஜூன் 8ம் தேதி ஜெர்மனியில் நாஸ்டேட்டன் என்ற ஊரில் பிறந்தார். 1886ல் குடும்பம் நியூயார்க்குக்குக் கப்பலேறியது. அப்பாவுக்கு அடுக்குமாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பையன் தெருவில் பேப்பர் விற்றான். பெற்றோர் பிறகு ஜெர்மனிக்கே திரும்பிவிட, அண்ணன் தயவில் படிப்பு தொடர்ந்தது. 1898ல் சம்பளம் கட்டத் தேவையில்லாத சிட்டி காலேஜில் பட்டம், 1900ல் சட்டம். அப்புறம் அரசியல். அவரை வளர்த்துவிட்டது டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பு. ஊழலுக்குப் பேர் போனது. அங்கிருந்து இப்படி ஒருவர் வந்தாரா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

1911 மார்ச் 25ம் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைக் கம்பெனியில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது. 1909 கடைசியில் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் சங்கத்தை அங்கீகரிக்கவே அந்தக் கம்பெனி மறுத்திருந்தது. விசாரணைக் கமிஷனுக்கு வாக்னர் தலைவர். வயது 34, ஏறக்குறைய என் வயது! ஒரு தொழிற்சாலையில், தீ விபத்து வழி என்று போர்டு மாட்டிய ஓட்டைக்குள் அவரையே தவழ்ந்து போக வைத்தார் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற அம்மையார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி, அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துபோகிறது. டிராயிங்கில் மட்டும் வழி இருந்தால் போதும் என்று நினைக்கும் நம்மவர்கள் இதை ஒரு தடவை கற்பனை செய்து பார்க்கலாம்.

1927ல் செனட்டர் ஆனார். 1933ல் வந்த தொழில் மீட்புச் சட்டம், தொழிலாளர் தங்கள் பிரதிநிதிகள் மூலம் கூட்டாகப் பேரம் பேசலாம் என்றது. பேசலாம் சரி, எதிரில் ஆள் உட்கார வேண்டுமே! அந்த ஆண்டு தொடங்கிய தொழிலாளர் வாரியத்துக்கு வாக்னரே தலைவர். ரெடிங் நகர சாக்ஸ் மில்களில் ரகசிய வாக்கெடுப்பு வைத்துச் சண்டையைத் தீர்த்தார். ஆனால் வியர்ட்டன் ஸ்டீல் கம்பெனி வாரியத்தை மதிக்கவில்லை. வாரியத்திடம் இருந்த ஆயுதம், கம்பெனியின் நீலக் கழுகுச் சின்னத்தைப் பறிக்கச் சொல்வதும், வழக்குப் போடும்படி சட்டத் துறைக்கு எழுதுவதும்தான். எஃகு ஆலைக்காரர் ஸ்டிக்கருக்கா பயப்படுவார்?

1935 பிப்ரவரியில் வாக்னர் புது மசோதா கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், பேரம் பேச மறுப்பது குற்றம் என்ற வரி அதில் முதலில் இல்லை. வாரியத்தின் அப்போதைய தலைவர் பிரான்சிஸ் பிடில் கேட்டுக்கொண்ட பிறகு, கமிட்டியில் சேர்த்தார்கள். மே 16ல் செனட்டில் 63க்கு 12 என்று நிறைவேறி, ஜூலை 5ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். செப்டம்பரிலேயே 58 பெரிய வக்கீல்கள் கூடி இந்தச் சட்டம் செல்லாது என்று அறிவித்துவிட, பல கம்பெனிகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1937 ஏப்ரல் 12ல் ஜோன்ஸ் அண்ட் லாக்லின் ஸ்டீல் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

இதில் பலருக்குப் புரியாத ஒன்று உண்டு. சங்கம் கேட்டதைக் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு வந்து பேசு என்பதோடு சரி. ஆனால் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்துப் போட மறுப்பதும் குற்றம் என்று 1941ல் ஹெய்ன்ஸ் கம்பெனி வழக்கில் முடிவானது. பேச்சு நடக்கும்போதே நிபந்தனைகளைத் தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்பது 1962ல் வந்த தீர்ப்பு.

நான் வேலை பார்த்த ஒரு ஆலையில், ஷிஃப்ட் நேரத்தை மாற்றி நோட்டீஸ் ஒட்டினார்கள். சங்கத்தார் பேச வரும்போதெல்லாம் பர்சனல் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார். பதினோரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் மெஷின் நின்றது. கடைசியில் லேபர் ஆபீசில் 12(3) ஒப்பந்தம் போட்டார்கள். அதில் கிடைத்த மாற்றம் அரை மணி நேரம்! அங்கீகரித்த சங்கத்தோடு பேச மறுப்பது நியாயமற்ற செயல் என்று 1982லேயே நம் தொழில் தகராறுச் சட்டத்தில் திருத்தம் வந்திருந்தது. அங்கீகரிக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை.

வாக்னரை ரொம்பவும் உயர்த்திவிடக் கூடாது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அவர் சட்டம் வெளியே நிறுத்தியது. அவர்களில் கறுப்பினத்தார் ஏராளம். 1947ல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் பேரம் பேசும் கடமையைச் சங்கங்கள் மேலும் போட்டு, அவற்றின் கையை வேறு பல வகையிலும் கட்டியது. அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. 1949ல் பதவி விலகி, 1953 மே 4ல் நியூயார்க்கில் காலமானார்.

அடுத்த ஜனவரியில் அவர் மகன், அதே பெயர்க்காரர், அந்த நகரத்தின் மேயரானார். நகர ஊழியர்களின் சங்கங்களோடு நகராட்சி பேரம் பேச வழிசெய்து 1958ல் அவர் உத்தரவு போட்டார். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர், குட்டி வாக்னர் சட்டம்.