நிலையாமை அறிந்த மருத்துவர்

இறப்பு உறுதி என்பதை அறியாதவர் எவருமிலர். அதனை நெஞ்சில் இருத்தி வாழ்பவர் மிகச் சிலர். அந்நினைவு சிலரைச் சோர்வில் ஆழ்த்தும். சிலரையோ எஞ்சிய நாள்களைப் பயனுறச் செலவிடத் தூண்டும். உருசிய நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளரான அந்தோன் செகாவ் இரண்டாம் வகையினர்.

செகாவ், 1860ஆம் ஆண்டு தாகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பொருள் ஈந்து விடுதலை பெற்றவர். 1876இல் தந்தையின் மளிகைக்கடை நொடித்தது. குடும்பம் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. பதினாறு வயதுச் செகாவ் சொந்த ஊரிலேயே தனித்துத் தங்கி, பிற மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் பள்ளிக் கல்வியை முடித்தார். பின்னர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். நகைச்சுவைக் கதைகள் எழுதி ஈட்டிய பொருளால் குடும்பத்தையும் தாங்கினார்.

1884இல் அவர் மருத்துவரானார். அவ்வாண்டிலேயே அவர் இருமியபோது குருதி வெளிப்பட்டது. அதன் பொருளை ஒரு மருத்துவருக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. எனினும், அது காசநோயன்று என்றே வீட்டாரிடம் கூறிவந்தார். 1889இல் அவருடைய அண்ணனும் ஓவியருமான நிக்கோலாய் அதே நோயால் மாண்டார். தமக்கு முன்னே நீளும் வழி எத்தகையது என்பதைச் செகாவ் அண்ணனின் படுக்கையருகே கண்டார்.

மறு ஆண்டு அவர் மேற்கொண்ட செயல் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. உருசியாவின் கீழைக் கோடியில், குற்றவாளிகள் நாடு கடத்தப்பட்டுவந்த சகலின் தீவுக்கு அவர் புறப்பட்டார். சைபீரிய இருப்புப்பாதை அமைக்கப்படாத காலம் அது. குதிரை வண்டியிலும் படகிலுமாகப் பல்லாயிரம் கல் தொலைவு கடந்தார். மூன்று மாதங்கள் அங்கே தங்கி, குடிசைதோறும் சென்று மக்களிடம் பேசி, அவர்தம் விவரங்களை ஏறத்தாழ 10,000 அட்டைகளில் பதிந்தார். அவர் கண்ட கொடுமைகள் 1895இல் நூலாக வெளிவந்தன. அத்தீவின் பள்ளிகளுக்கு நூல்களையும் திரட்டி அனுப்பினார்.

1892இல் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள மெலிகோவோ என்னும் சிற்றூரில் குடியேறினார். வீட்டு வாயிலில் காத்திருந்த உழவர்களுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார். காலரா பரவிய அவ்வாண்டில், ஊதியம் பெறாமல் 25 ஊர்களின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். சுற்றுப்புறத்தில் மூன்று பள்ளிகள் எழவும் காரணமானார்.

1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மாஸ்கோவில் உணவருந்த அமர்ந்தபோது அவர் வாயினின்று குருதி பெருகியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறருக்கு மறைத்துவந்த உண்மை வெளிப்பட்டது. மருத்துவர் அறிவுரைக்கிணங்க, குளிர் குறைந்த கிரீமியாவின் யால்டா நகரில் வீடு அமைத்தார்.

தம் வாழ்நாள் நீளாது என அறிந்த அம்மனிதர், அங்கு முதலில் செய்தது தோட்டம் போடுவதே. கற்கள் மண்டிய நிலத்தைத் திருத்தி, ரோஜாச் செடிகளையும் முழு வளர்ச்சி காணப் பல்லாண்டு தேவைப்படும் மரக்கன்றுகளையும் தம் கையாலேயே நட்டார். நிழலில் அமரப்போவது தாமல்லர் என்பது அவருக்குத் தெரியும். தம்மைப் போல் நோயுற்று யால்டாவுக்கு வந்த ஏழைகளுக்கு உறைவிடமும் மருத்துவமும் கிடைக்க நிதி திரட்டினார்.

நாய்க்காரச் சீமாட்டி என்னும் சிறுகதையும், மூன்று சகோதரிகள், செர்ரித் தோட்டம் ஆகிய நாடகங்களும் அவ்விறுதி ஆண்டுகளில் பிறந்தவையே. ஒரு நாளில் சில வரிகளுக்கு மேல் எழுத இயலாத தளர்ச்சியிலும் செர்ரித் தோட்டத்தை முடித்தார். 1901இல் நடிகை ஓல்கா கினிப்பரை மணந்தார். செர்ரித் தோட்டம் அவருடைய 44ஆம் பிறந்தநாளன்று மாஸ்கோவில் அரங்கேறியது. அதே ஆண்டு, 1904 ஜூலை 15 அன்று, செருமனியின் பாடன்வைலர் நகரில் செகாவ் காலமானார்.

நோயின் முதல் அடையாளத்துக்கும் இறப்புக்கும் இடையே அவருக்குக் கிடைத்தவை இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில்தான் அவர் உலகம் போற்றும் எழுத்தாளரானார். ஊர் போற்றும் மருத்துவருமானார். அவர் வாழ்ந்த யால்டா வீடு இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. அவர் உருவாக்கிய தோட்டம், அவர் அமராத நிழலை வருவோர்க்கெல்லாம் வழங்கிவருகிறது.