மனத்தைத் திருப்பிய மகான்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. இன்று அங்கேயும், பக்கத்து ஒரகடத்திலும் கார் தொழிற்சாலை, கண்ணாடித் தொழிற்சாலை, செல்போன் தொழிற்சாலை என்று வரிசையாக நிற்கின்றன. ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் பஸ்கள் ஓடுகின்றன.

அந்த ஊரில்தான் 1017-ம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரை நாளில் ராமானுஜர் பிறந்தார். தந்தை கேசவ சோமயாஜி. தாய் காந்திமதி. பிள்ளைக்கு இட்ட பெயர் இளையாழ்வார்.

ராமானுஜர் வைணவத்தின் பெரிய ஆச்சாரியர் என்பது எல்லோருக்கும் தெரியும். மனித மனத்தை எப்படிப் பழக்குவது என்று ஆராய்ந்தவர் அவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

மனம் உடைந்த நாள்

இளமையிலேயே தந்தையை இழந்தார். காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் படித்தார். பாடத்தில் கருத்து வேற்றுமை வந்தது. அது பகையாக முற்றியது. காசி யாத்திரை என்று அழைத்துப் போய், வழியில் அவரைக் கொன்றுவிட ஏற்பாடு நடந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. சித்தி மகன் கோவிந்தன் ரகசியமாக எச்சரித்தான். இளையாழ்வார் காட்டு வழியே தப்பிக் காஞ்சி வந்து சேர்ந்தார்.

ஸ்ரீரங்கத்தில் ஆளவந்தார் என்ற பெரியவர் இருந்தார். இந்த இளைஞரே தமக்குப் பின் வர வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய நம்பியை அனுப்பி அழைத்து வரச் சொன்னார். இருவரும் ஆவலோடு ஸ்ரீரங்கம் வந்தபோது, எதிரே பெருங்கூட்டம். ஆளவந்தார் காலமாகிவிட்டார். ஒரு வார்த்தை பேசக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

இறந்தவரின் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. அவை நிறைவேறாத மூன்று ஆசைகள் என்று தெரிந்துகொண்டு, தாம் நிறைவேற்றுவதாக ராமானுஜர் சபதம் செய்தார். விரல்கள் நிமிர்ந்தன என்பார்கள். வியாசரின் பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுவது அவற்றில் ஒன்று.

பிறகு அவர் செய்தது வியப்பானது. ரங்கநாதரைத் தரிசிக்காமலே காஞ்சிக்குத் திரும்பிவிட்டார். கடவுள் மீதே அவ்வளவு கோபம்!

வீட்டிலும் அமைதி இல்லை. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பியை அவர் குருவாக மதித்தார். நம்பி பிராமணர் அல்லர். அவர் சாப்பிட்டுப் போன இடத்தை ராமானுஜரின் மனைவி தீட்டு என்று கழுவிவிட்டார். இப்படிப் பல பூசல்கள். கடைசியில் ராமானுஜர் துறவியானார். அந்த அம்மாளின் மனக்குறை என்ன என்று கதை சொன்னவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பதினெட்டு தடவை

துறவியான பிறகு ஸ்ரீரங்கம் வந்தார். திருமந்திரத்தின் உட்பொருளைக் கற்கத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் நடந்தார். இன்னும் பக்குவம் வரவில்லை என்று நம்பி திருப்பி அனுப்பினார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. பதினெட்டாவது தடவைதான் கிடைத்தது. யாருக்கும் சொல்லக் கூடாது என்பது கட்டளை. சொன்னால் நரகம். ராமானுஜரோ உடனே ஊர் மக்களைக் கூட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தாம் ஒருவர் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார். கோபத்தோடு வந்த நம்பி, அந்தக் கருணையைக் கண்டு தழுவிக்கொண்டார்.

எண்ணெய் ஒழுக்கு

சபதப்படி அவர் எழுதிய உரைதான் ஸ்ரீபாஷ்யம். மனப் பயிற்சி பற்றிய பகுதி அதில் உண்டு.

மனத்தின் ஓட்டத்தை அடக்குவதே யோகம் என்பது பதஞ்சலி முனிவரின் கொள்கை. பயிற்சி வேண்டும் என்பதை ராமானுஜரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அடக்கினால் மட்டும் போதாது. அன்பு செலுத்த அதற்கு ஒரு பொருள் வேண்டும் என்றார். தன் பலத்தையே நம்பிப் புலன்களோடு மல்லுக்கு நிற்பவன் தோற்பான், மனத்தை இறைவனிடம் வைத்தால் புலன்கள் அடங்கும் என்பது அவருடைய கீதை உரை.

தண்ணீரை ஊற்றினால் சிதறும். எண்ணெயை ஊற்றினால் கம்பி போல் அறாமல் இறங்கும். நினைவு அப்படி இறங்க வேண்டும். அதற்குப் பழைய உரையாசிரியர் சொன்ன ஏழு பழக்கங்களை ராமானுஜர் எடுத்துக் காட்டுகிறார். சுத்தமான உணவு, ஆசையைக் குறைத்தல், இடைவிடாத பயிற்சி, அன்றாடக் கடமை, உண்மையும் இரக்கமும் ஆகிய ஐந்தும் எல்லாப் பெரியவர்களும் சொல்பவைதாம். கடைசி இரண்டுதான் புதுமை. துன்பம் வந்தால் சோர்ந்து உட்காராதே. இன்பம் வந்தால் துள்ளிக் குதிக்காதே. அளவுக்கு மீறிய மகிழ்ச்சியும் மனத்தைக் கலைத்துவிடுமாம்! சன்னதியைப் பார்க்காமல் திரும்பிப் போனவர், சோர்வைப் பற்றி அனுபவித்தே எழுதியிருப்பார்.

குடை பிடித்த மல்லன்

உறையூரில் உறங்காவில்லி என்ற மல்லன் இருந்தான். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கியவன். ஸ்ரீரங்கம் திருவிழாக் கூட்டத்தில், வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி நடந்தான். ஊர் சிரித்தது. ராமானுஜர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இதைவிட அழகான கண்களைக் காட்டுகிறேன் வா என்று அழைத்துப் போய், அரங்கன் சன்னதியில் நிறுத்தினார். மல்லன் அன்றே சீடனானான். பொன்னாச்சியும் சீடரானார். அவர்கள் பிரிந்துவிடவில்லை, சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

படித்த சீடர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஓர் இரவு, கொடியில் உலர்ந்த அவர்களுடைய வேட்டிகளில் கொஞ்சம் கொஞ்சம் கிழித்துவைக்கச் செய்தார் ராமானுஜர். விடிந்ததும் ஒருவரை ஒருவர் திட்டி ஒரே ரகளை! வேதாந்தம் எல்லாம் ஒரு சாண் துணியில் போய்விட்டது.

மறுபடி ஓர் இரவு, உறங்காவில்லியை மடத்தில் பேச்சில் நிறுத்திவைத்து, தூங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றி வரச் சீடர்களை அனுப்பினார். அந்த அம்மாள் விழித்துத்தான் இருந்தார். ஒரு பக்கத்து நகையைக் கழற்றியதும், மறு பக்கமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். வீடு வந்த கணவருக்கு நகை போனதில் வருத்தமில்லை. நான் கொடுக்கிறேன் என்ற எண்ணத்தில் புரண்டாயே என்றுதான் குறைப்பட்டார். ஒளிந்திருந்து கேட்ட சீடர்கள் தலைகுனிந்தார்கள்.

பின்னாளில் சோழ மன்னன் ஒருவனுடைய கோபத்துக்கு அஞ்சி ராமானுஜர் மைசூர்ப் பக்கம் போக நேர்ந்தது. அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போன கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். மேல்கோட்டையில் பல ஆண்டுகள் இருந்து திரும்பியபோது, அந்தச் சீடரைக் கட்டிக்கொண்டு ராமானுஜர் அழுதார். கண்ணிழந்தவரோ, தம்மைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் நற்கதி வேண்டினார்.

1137-ல், 120 வயதில் ராமானுஜர் மறைந்தார் என்பது மரபு. அவர் உயிரோடு இருக்கும்போதே செய்து, அவர் தழுவி அனுப்பிய சிலை ஸ்ரீபெரும்புதூர் கோவிலில் இருக்கிறது. தான் உகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். சித்திரைத் திருவாதிரை உற்சவம் அங்கே பத்து நாள் நடக்கிறது.