மருத்துவ மேதை சுப்பாராவ்

மக்களை வாட்டும் நோய்களை வெல்லும் மருந்துகளைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமக்களுள் எல்லாப்பிரகத சுப்பாராவ் ஒருவர். அவர் 1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமாவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். எனினும் மனந்தளராது சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை வெற்றி கண்டார்.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தார். அஃது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் வெறுப்பைத் தேடித் தந்தது. உயர்ந்த பட்டம் கைநழுவ, அதற்குக் கீழான பட்டமே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரைக் கொடிய குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்ற அவர், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இரவு நேரப் பணியாளாய் ஊழியம் செய்துகொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். உடலின் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் ஃபிஸ்கேயுடன் கண்டறிந்து கூறினார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அங்கு அவர்தம் குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கே அது மருந்தாயிற்று!

அவருடைய தலைமையில் பணியாற்றிய டக்கர் என்னும் முதிய அறிஞர், மண்ணில் வாழும் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்தார். அது, கிருமிகள் புரதம் ஆக்கும் தொழிலைத் தடுத்து, அவை பெருகாவண்ணம் செய்கிறது. 1948இல் அம்மருந்து உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் அகவையில், சுப்பாராவ் மறைந்தார்.

அவர் காலத்திற்குப் பின் அறிஞர்கள் மற்றோர் உண்மையையும் கண்டனர். குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசி படர்வதுபோல, கிருமிகள் ஒன்றுகூடிப் பசைப்படலம் அமைத்து அதனுள் வாழ்கின்றன. பல்லில் படியும் அழுக்கும் அத்தகையதே. அப்படலத்துள் மருந்து எளிதிற் செயற்படுவதில்லை. ஆயினும், அசித்ரோமைசின் போன்ற சில மருந்துகள், கிருமியைக் கொல்லப் போதாத சிற்றளவிலும், சிலவகைக் கிருமிகள் படலம் கட்டுவதையும் நஞ்சு சுரப்பதையும் குறைக்கின்றன. பகைவனைக் கொல்லாமல் அவன் படைக்கலத்தைப் பறிப்பது போன்றது இது.

ஆனால், எல்லா மருந்துகளுக்கும் இஃது ஒவ்வாது. வேறு சில மருந்துகள் குறைந்த அளவிற் சேரும்போது படலம் மேலும் வலுப்பெறுதலும் உண்டு. பிழைத்த கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுதலும் உண்டு. ஆதலின், மருந்தின் அளவை வரையறுப்பது மருத்துவர் கடமை. அவ்வளவைப் பிறழாது உட்கொள்வது நம் கடமை. அரிதின் முயன்று பெற்ற மருந்தை மனம்போனவாறு உண்டு அதன் ஆற்றலைக் கெடுக்காதிருத்தலே, சுப்பாராவ் போன்ற பெரியோர்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.