இருபத்தைந்து இலட்சம் காலடிகள்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

திருமால் குறளுருவாய் வந்து மூன்றடியால் உலகளந்த கதையைச் சிறு வயதில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அது புராணம். வரலாற்றிலும் காலடியால் நிலத்தை அளந்த மனிதர் ஒருவர் உண்டு. அவருக்கு மூன்றடி போதவில்லை. ஏறக்குறைய இருபத்தைந்து இலட்சம் காலடிகள் வேண்டியிருந்தன. அத்தனையையும் அவர் எண்ணி எண்ணி வைத்தார். இமயத்தின் கணவாய்களைக் கடந்து, அந்நியருக்குக் கதவடைத்திருந்த திபெத்தில் புகுந்து, லாசா நகரம் பூமியின் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து சொன்னார். அவர் பெயர் நைன் சிங் ராவத். தொழிலால் அவர் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர்.

மலைப் பயணம் என்றதும் நமக்குத் துணிச்சல்தான் நினைவுக்கு வருகிறது. துணிச்சல் வேண்டியதுதான். ஆனால் உயர்ந்த கணவாயைக் கடப்பவனைக் கரை சேர்ப்பது, புறப்படுவதற்கு முன் அவன் செய்துகொண்ட ஆயத்தமே என்பதை நைன் சிங்கின் வாழ்க்கை காட்டுகிறது.

பனியாற்றின் அடியில் ஒரு சிற்றூர்

இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில், ஜோகார் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஒரு பெரும் பனியாற்றின் அடிவாரத்தில் மிலம் என்னும் ஊர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலான உயரம். 1830ஆம் ஆண்டு அங்கேதான் நைன் சிங் பிறந்தார். அவ்வூர் மக்கள் வணிகர்கள். கோடையில் பனி விலகியதும் ஆடுகளின் முதுகில் தானிய மூட்டைகளை ஏற்றி, 17,000 அடிக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடந்து திபெத்துக்குப் போவார்கள். உப்பும் கம்பளியும் கொண்டு திரும்புவார்கள். பனிக்காலத்தில் ஊரையே காலி செய்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். எந்த மாதத்தில் எந்தக் கணவாய் திறக்கும், எந்த மேகம் பனிப்புயலைக் கொண்டு வரும் என்பதெல்லாம் அங்குள்ள பிள்ளைகள் நடை பழகும்போதே கற்கும் பாடங்கள். திபெத்திய மொழியும் வணிகத்தோடு கூடவே வந்தது.

1855 முதல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் சகோதரர்களோடு நைன் சிங் மானசரோவர், லடாக் பகுதிகளில் பயணம் செய்தார். திசைகாட்டியும் வெப்பமானியும் அவர் கைக்கு முதலில் வந்தது அப்போதுதான். பிறகு ஊர் திரும்பி, மிலம் அரசுப் பள்ளியில் ஆசிரியரானார். பண்டிட் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

வரைபடத்தில் ஒரு வெற்றிடம்

இந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் மாபெரும் பணி 1802இல் நம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில்தான் லாம்ப்டன் என்பவரால் தொடங்கப்பட்டது. அறுபது ஆண்டுகளில் அது வடக்கே இமயத்தை எட்டிவிட்டது. இமயத்துக்கு அப்பால் வரைபடம் பெரும்பாலும் வெள்ளைத் தாளாகவே கிடந்தது. திபெத்துக்குள் ஐரோப்பியருக்கு அனுமதியில்லை. எல்லையைத் தாண்டிச் சங்கிலியும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அளவைத் துறையைச் சேர்ந்த மாண்ட்கோமரி என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லை மலைவாழ் வணிகர்களும் யாத்திரிகர்களும் அக்கணவாய்களைத் தடையின்றிக் கடக்கிறார்களே, அவர்களில் சிலருக்கே பயிற்சியளித்து அனுப்பினால் என்ன? 1863இல் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு அழைக்கப்பட்டனர்.

ஈராண்டு ஆயத்தம்

இங்கேதான் நம் போன்ற அறிவியல் மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். முப்பத்து மூன்று வயது ஆசிரியர் மீண்டும் மாணவரானார். முதற்பாடம் நடை. ஏற்றமானாலும் இறக்கமானாலும் சமதரையானாலும் ஒவ்வொரு காலடியும் ஒரே நீளமாக விழ வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் காலடிக்கு ஒரு மைல் என்ற கணக்கு உடம்பில் ஊறும் வரை அவர் நடந்து பழகினார்.

எண்ணிக்கை தவறாதிருக்க ஒரு ஜெபமாலை தரப்பட்டது. வழக்கமான மாலையில் 108 மணிகள் இருக்கும்; இதில் நூறே நூறு. நூறு காலடிக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் காலடி, அதாவது ஐந்து மைல். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் மந்திரம் செபித்துக்கொண்டு போகும் அடியார். எவரேனும் மணிகளை எண்ணிப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

புத்த யாத்திரிகர் கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் வெற்றுத்தாள் சுருள் இருந்தது. அன்றன்று அளந்ததை எழுதி அதற்குள் மறைத்துவிடலாம். கோணம் அளக்கும் செக்ஸ்டண்ட் கருவி பெட்டியின் இரட்டை அடிப்பலகைக்குள் ஒளிந்தது. பாதரசம் சோழிகளுக்குள் அடைக்கப்பட்டது. இரவில் அதை யாத்திரிகரின் கிண்ணத்தில் ஊற்றினால், அசையாத சமதளக் கண்ணாடி கிடைத்துவிடும். மலைகள் சூழ்ந்த இடத்தில் தொடுவானம் தெரியாது. ஆகவே விண்மீனுக்கும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து, அதில் பாதியை எடுத்துக்கொண்டால் விண்மீனின் உயரக்கோணம் கிடைக்கும். அதிலிருந்து அட்சரேகை.

மலையின் உயரத்தை அளக்கும் முறையோ இன்னும் எளிது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். நீரின் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ். லாசாவில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். நைன் சிங் தேநீருக்கு நீர் கொதிக்க வைப்பது போல் வைத்து, யாரும் காணாத வேளையில் வெப்பமானியை அதில் அமிழ்த்திப் பார்ப்பார். நம் ஆய்வகத்தில் ஒரு டிகிரி பிசகினால் குறிப்பேட்டில் சிவப்புக் கோடு விழும். அங்கே ஒரு டிகிரி பிசகினால் ஒரு நகரமே ஆயிரம் அடி இடம் மாறிவிடும்.

லாசாவை நோக்கி

1865 தொடக்கத்தில் டேராடூனிலிருந்து புறப்பட்டு, மார்ச் மாதம் இருவரும் காத்மாண்டு சேர்ந்தனர். திபெத்திய எல்லையில் கிரோங் என்ற இடத்தில் தடை வந்தது. அதிகாரிகள் பெட்டியைச் சோதித்தார்கள். கருவிகள் கண்ணில் படவில்லை; ஆயினும் இவர்கள் சொன்ன காரணத்தை நம்பாமல் திருப்பியனுப்பினார்கள். ஈராண்டு ஆயத்தம் முதல் வாயிலிலேயே முட்டி நின்றது.

மணி சிங் வேறு வழியே திரும்பிவிட்டார். நைன் சிங் வேடத்தை மாற்றி, லடாக் வணிகராக மீண்டும் எல்லையைக் கடந்தார். இம்முறை லாசாவுக்குப் போவதில்லை, போனால் உயிரை இழக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு லாசாவை நோக்கியே நடந்தார்.

பெரிய வணிகக் கூட்டமொன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. பிரம்மபுத்திரையின் மேற்பகுதியான சாங்போ ஆற்றின் போக்கிலேயே வழி சென்றது. ஓரிடத்தில் படகேறிப் போகும் வசதி இருந்தும் நைன் சிங் கரையோரமாக நடந்தே போனார். படகில் ஏறினால் காலடியை எண்ணுவது எப்படி? சோம்பலுக்கு இவ்வளவு நல்ல சாக்குக் கிடைத்தும் ஏற்காத அந்த மன உறுதியே அவருடைய அளவைகளுக்கு மதிப்பைத் தந்தது.

1866 ஜனவரியில் அவர் லாசா சேர்ந்தார். கைப்பணம் கரைந்தபோது, நேபாள வணிகர்களுக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்து வயிறு வளர்த்தார். எங்கே போனாலும் வாத்தியார் வாத்தியார்தான்! அனுமதியின்றி நகருக்குள் வந்த சீனர் ஒருவர் பலர் பார்க்கத் தலை துண்டிக்கப்பட்டதை அவர் தம் கண்ணால் கண்டார். கிரோங் அதிகாரியையும் ஒருநாள் லாசாத் தெருவில் கண்டு பதுங்கினார். காஷ்மீர முஸ்லிம் வணிகர் இருவர் இவர் வேடத்தை அறிந்துகொண்டனர். அவர்களோ காட்டிக்கொடுக்காமல் பண உதவியும் செய்தார்கள். இத்தனைக்கும் நடுவில் நைன் சிங் இரவுதோறும் விண்மீன்களை அளந்தார். நீரைக் கொதிக்க வைத்தார். இன்றைய கருவிகள் லாசாவுக்குச் சொல்லும் அட்சரேகைக்கு மிக அருகில் அவர் கண்ட விடை அமைந்தது.

ஏப்ரலில் புறப்பட்டு, மானசரோவர் வழியே தாய்நாடு திரும்பி, அக்டோபரில் டேராடூனில் கணக்கை ஒப்படைத்தார். நடந்த தொலைவு ஏறத்தாழ 1,200 மைல். ஜெபமாலை சுமார் இருநூற்றைம்பது முறை முழுச் சுற்றுச் சுற்றியிருக்கிறது.

கடைசிப் பெரும் பயணம்

1867இல் 18,000 அடிக்கு மேற்பட்ட மானா கணவாயைக் கடந்து, மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்களை அளந்து வந்தார். அந்த உயரத்தில் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிக் காற்றுத்தான் இருக்கும்.

1874 ஜூலையில் லே நகரிலிருந்து லாசாவுக்கு வடபாதையில் புறப்பட்டார். வழியில் ஊர்கள் அரிது. பல நாட்கள் மனிதரைக் காண முடியாத உயர்ந்த பீடபூமி. அங்கே சுமைதூக்க அவர் தேர்ந்தெடுத்தது ஆடுகளை! தீவனம் சுமக்க வேண்டாம். போகிற வழியிலேயே மேய்ந்துகொள்ளும். ஒவ்வொன்றும் இருபது இராத்தல் சுமையைத் தாங்கும். இருபத்தாறு ஆடுகளில் நாலைந்தே லாசா வரை தாக்குப்பிடித்தன என்பதிலிருந்து அவ்வழியின் கடுமையை உணரலாம். மிலம் வணிகர் பரம்பரை பரம்பரையாகச் செய்துவந்த ஏற்பாடுதான் அது.

நவம்பரில் லாசாவில் தம்மை அறிந்த ஒருவரைச் சந்திக்க நேர்ந்ததும் ஆபத்தை உணர்ந்தார். அதுவரை எடுத்த குறிப்புகளை இரண்டு ஆட்கள் மூலம் லே நகருக்கு அனுப்பிவைத்தார். தமக்கு எது நேர்ந்தாலும் அளந்தது அழியக் கூடாது என்ற எண்ணம்! வடக்கே ஒரு மடத்துக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, இருட்டியதும் தெற்கே திரும்பினார். தவாங்கில் ஏறக்குறைய இரண்டு மாதம் தடுத்து வைக்கப்பட்டு, 1875 மார்ச் முதல் நாள் அஸ்ஸாமின் உதல்குரி வந்தடைந்தார். அவர் கடந்ததில் ஆயிரம் மைலுக்கும் மேல் அதுவரை எவரும் அளக்காத நிலம். அத்துடன் அவர் உடல் தளர்ந்தது, பெரும்பயணங்கள் நின்றன.

ஒரு கேள்வி

நைன் சிங்கைப் புகழ்ந்துகொண்டே போகும் நாம் ஒன்றைக் கேட்காமலிருக்க முடியாது. யாத்திரிகன் என்று நம்பி இடம் கொடுத்தவர்களிடம் பொய் சொல்லி, அந்நிய ஆட்சிக்காக அவர்கள் நாட்டை அளந்தது முறையா? அவரைப் போன்றோர் சேர்த்த விவரங்கள் ஆட்சியாளரிடம் சென்றன. 1904இல் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் நுழைந்தது. இதை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவது நேர்மையாகாது. இப்பழியில் பெரும்பங்கு அவரை அனுப்பியவர்களுடையது என்றாலும், அவருக்குப் பங்கே இல்லை என்று கூற என் மனம் துணியவில்லை. ஆனால் அவர் தந்த எண்களில் பொய் இல்லை. வேடத்தில் பொய் சொன்னவர் அளவையில் ஒரு காலடியும் கூட்டிச் சொல்லவில்லை.

நீண்ட காலம் அவர் பெயர்கூட வெளிவரவில்லை. வெறும் பண்டிட் என்றே ஏடுகளில் குறிக்கப்பட்டார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. பயணம் நின்ற பின் அவர் மீண்டும் ஆசிரியரானார். தமக்குப் பின் வந்த இளைஞர்களுக்கு நடையும் கருவியும் பயிற்றுவித்தார். நில அளவை பற்றி இந்தியில் நூலும் எழுதினார். 2004இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. 1962 போருக்குப் பின் கணவாய் வணிகம் நின்று, மிலம் மக்கள் கீழே குடிபெயர்ந்தனர். கோடையில் மட்டும் சில குடும்பங்கள் அங்கே போய் வருகின்றன.

நம்மில் பலர் நம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். வழிகாட்ட வீட்டில் எவருமில்லையே, நம்மால் முடியுமா என்ற அச்சம் உள்ளூர இருக்கிறது. நைன் சிங்கிடம் பட்டம் இல்லை. முன்னே போனவர் வரைந்த வரைபடமும் இல்லை. பிறந்த ஊர் தந்த அறிவை அவர் தாழ்வாக எண்ணவில்லை. அதன்மேல் கருவிகளின் அறிவையும் சேர்த்துக்கொண்டார். உயர்ந்த கணவாயைத் தொலைவிலிருந்து நோக்கினால் மலைப்புத்தான் வரும். அவர் மலையை நோக்கி மலைத்து நிற்கவில்லை. நூறு காலடி வைத்தார், ஒரு மணியைத் தள்ளினார், அடுத்த நூறைத் தொடங்கினார். நாமும் அவ்வாறே தொடங்குவோம், நண்பர்களே!