திருப்பி அடிக்காத ஆண்டு

சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையே நடந்த கிரிக்கெட் போட்டியில், பாதி ஆட்டத்திலேயே நான் பந்தைத் தரையில் வீசிவிட்டு வெளியேறினேன். எல்லைக்கோட்டருகே நின்ற சிலர் என் இந்தியையும் என் நிறத்தையும் ஆறு ஓவர்களாகக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு நம் சங்கத்து அண்ணன் ஒருவர் என் அறைக்கு வந்தார். கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அமெரிக்காவில் ஜாக்கி ராபின்ஸன் என்று ஒரு பேஸ்பால் வீரர் இருந்தார், அவர் வாழ்க்கையைப் படித்துப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். படித்தேன். அண்ணன் சொன்ன பாடத்தை மட்டும் அதில் என்னால் காண முடியவில்லை.

ராபின்ஸன் பிறவியில் பொறுமைசாலியே அல்லர். 1919ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரையடுத்து, வாரத்துக்கு உழுத ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். தாய் மால்லி 1920இல் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் பாஸடேனா நகருக்கு ரயிலேறினார். வீட்டு வேலை செய்து அவர்களை ஆளாக்கினார். மூத்தவர்களில் ஒருவரான மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்தவராக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்தது தெருக் கூட்டும் வேலை. தம்பி இதைப் பார்த்து வளர்ந்தவர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் பெயர் பெற்றார் ஜாக்கி. அவற்றுள் அவர் சோபிக்காத ஒன்று பேஸ்பால்தான் என்பது வேடிக்கை. யுத்த காலத்தில் ராணுவ அதிகாரியானார். 1944 ஜூலையில் டெக்ஸாஸ் முகாமில் பேருந்தின் பின்புறம் போய் உட்காரச் சொன்னபோது, முடியாது என்று மறுத்துவிட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. இவர்தான் பொறுமைக்கு உதாரணமாக எனக்குக் காட்டப்பட்ட மனிதர்!

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். விதிகளை எல்லாம் விரித்தால் ஆசிரியர் இடம் தரமாட்டார். இரண்டொரு வார்த்தை போதும். ஒருவர் எறிய ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் தொட்டுச் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். எறிபவர் அசரும் நேரம் பார்த்து, யாரும் அடிக்காமலே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதும் உண்டு. அதற்குத் தளம் திருடுதல் என்று பெயர். சடுகுடுவில் பாடிப் போகிறவன் எதிரிகளை ஏய்த்து நழுவுவதை ரசித்தவர்களுக்கு இதன் சுவை விளங்கும்.

அந்த நாட்டின் பெரிய பந்தயக் குழுக்களில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பர் ஒருவர்கூட ஆடியதில்லை. தடுக்கும் சட்டம் எதுவும் ஏட்டில் இல்லை, எழுதாத கட்டுப்பாடுதான். கறுப்பர்கள் தனியே குழுக்கள் அமைத்து ஆடினார்கள். அப்படி ஒரு குழுவில் ஆடிக்கொண்டிருந்த ராபின்ஸனை 1945 ஆகஸ்ட் 28ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி தம் அலுவலகத்துக்கு அழைத்தார். மூன்று மணி நேரம் பேச்சு நடந்தது. ஏசுவார்கள், இடிப்பார்கள், தலையைக் குறிபார்த்துப் பந்து எறிவார்கள். எதற்கும் திருப்பி அடிக்கக் கூடாது என்பது ரிக்கியின் நிபந்தனை. மூன்று ஆண்டுகளுக்கு வாய்ப்பூட்டு. ராபின்ஸன் ஒப்புக்கொண்டார்.

ரிக்கியைப் புகழாதவர் இல்லை. அவருக்கு மனச்சான்று இருந்தது மெய்தான். வியாபாரக் கண்ணும் இருந்தது. ராபின்ஸனை விட்டுக்கொடுத்த கறுப்பர் குழுவுக்கு அவர் ஈடாக ஒரு காசும் கொடுக்கவில்லை என்பதைப் புகழ்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

1946இல் கனடாவின் மான்ட்ரியால் அணியில் ஆடித் தேறினார் ராபின்ஸன். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் 42ஆம் எண் சட்டையுடன் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கினார். வரவேற்பு எப்படி என்கிறீர்கள்? பயிற்சிக் காலத்திலேயே சக ஆட்டக்காரர்கள் சிலர் அவர் வேண்டாம் என்று மனு எழுதக் கிளம்பினார்கள். ரசிகர்களின் செல்லப்பிள்ளையான டிக்ஸி வாக்கர் வேறு அணிக்குப் போய்விடுகிறேன் என்றார். மேலாளர் டியூரோஷர் மனுவை முறியடித்தார். ஆனால் பருவம் தொடங்கும் முன்பே வேறொரு விவகாரத்தில் அவருக்கே ஓராண்டுத் தடை வந்தது. அறுபதைக் கடந்த பர்ட் ஷாட்டன் வந்து, ஆட்டச் சீருடை அணியாமல் சாதாரண உடுப்பிலேயே உட்கார்ந்து அணியை நடத்தினார்.

ராபின்ஸனுக்குக் கொடுத்த இடம் முதல் தளம். அதற்குமுன் அவர் அங்கே ஆடிப் பழகியவர் அல்லர். எதிரணியில் அடித்துவிட்டு ஓடிவரும் ஒவ்வொருவனும், காலணியின் அடியில் இரும்பு முள்ளோடு, அவர் பாதத்தருகேதான் வந்து மிதிப்பான். இந்த இடத்தில் ஆறு மாதம் நின்றார் என்பதைப் படித்தபோது என் ஆறு ஓவர்கள் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 22இல் பிலடெல்பியா அணி வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மனும் ஆட்டக்காரர்களும் கொட்டிய வசவுகளை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னும், தாம் உடைந்துபோக இருந்த நாள் அதுதான் என்று ராபின்ஸன் நினைவுகூர்ந்திருக்கிறார். உடையவில்லை. எட்டாவது சுற்றில் ஒரு பந்தை அடித்து முதல் தளம் சேர்ந்தார். இரண்டாவதைத் திருடினார். தடுக்க எறிந்த பந்து தவறிப்போக, மூன்றாவதற்கு ஓடினார். அடுத்து ஹெர்மான்ஸ்கி அடித்த அடியில் ஓட்டம் முடித்தார். அன்றைய ஆட்டத்தில் அந்த ஓர் ஓட்டம்தான். டாட்ஜர்ஸ் 1–0 என வென்றது. வசவு ஓயாமல் தொடரவே, அதே அணியின் ஸ்டாங்கி எழுந்து எதிரணியைப் பார்த்துச் சீறினார். அவரும் முதலில் ராபின்ஸன் வருவதை விரும்பாதவர்தான்.

கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. பிலடெல்பியாவில் அணி வழக்கமாகத் தங்கும் விடுதி கதவடைத்தது. ஒன்பது முறை பந்து அவர் உடம்பில் பட்டது. இங்கே மூவண்ணக் கொடி ஏறி ஐந்து நாள் ஆன ஆகஸ்ட் 20இல், செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்லாட்டர் முதல் தளத்தில் அவர் காலை முள்ளால் மிதித்தார். ராபின்ஸன் கையை ஓங்கவில்லை; ஓடினார். அப்பருவத்தில் 29 தளங்கள் திருடினார். அந்தச் சங்கத்தில் அதுவே முதலிடம். 151 ஆட்டங்கள், 175 அடிகள், 125 ஓட்டங்கள். ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவ்வாண்டுதான் ஏற்பட்டது. அதை முதலில் பெற்றவர் அவரே. டாட்ஜர்ஸ் 94 வெற்றிகளுடன் சங்கத்தின் முதலிடத்தை அடைந்தது. அதன்பின் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது.

எபெட்ஸ் மைதானத்துக்கு அந்த ஆண்டு 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். ரிக்கியின் கணக்கு தப்பவில்லை. பருவம் முடிந்ததும் வாக்கரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாய்ப்பூட்டு கழன்ற 1949தான் ராபின்ஸனின் பொன்னாண்டு. ஆயிரத்துக்கு 342 என்ற விகிதத்தில் அடித்து, சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது பெற்றார். நடுவர்களோடு வாதாடினார், மனத்தில் பட்டதைப் பேசினார். உடனே, நேற்றுவரை அவரை மெச்சிய பத்திரிகைகளில் சில, வாயாடி என்று எழுதத் தொடங்கின. என் அண்ணன் கவனிக்காமல் விட்ட பக்கம் இது. வாங்கிக்கொண்ட பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் அதைக் குணமாக்கி, காலமெல்லாம் கேட்டார்கள்.

1955இல் டாட்ஜர்ஸ் யாங்கீஸை வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. மறு ஆண்டோடு ராபின்ஸன் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். 1962இல் புகழ் மன்றத்தில் இடம் பெற்றார். நீரிழிவு அவரை அரித்தது. கண் பார்வை மங்கியது. 1971இல் மூத்த மகனைக் கார் விபத்தில் பறிகொடுத்தார்.

நம் நாட்டில் பல்வங்கர் பாலூ 1911இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதால் பம்பாய் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1923இல்தான் அது அவர் தம்பி விட்டலுக்கு வந்தது. உழைக்க விடுவார்கள், தலைமை தரமாட்டார்கள். ராபின்ஸன் கண்டதும் இதையே. 1972 அக்டோபர் 15இல் சின்சினாட்டி மைதானத்தில் அவருக்குப் பாராட்டு நடந்தது. நன்றி சொன்ன கையோடு, பெரிய அணி ஒன்றைக் கறுப்பின மேலாளர் நடத்துவதைத் தாம் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தின் முன் கேட்டார். ஒன்பது நாள் கழித்து, 53ஆம் வயதில் இறந்தார்.

1975 ஏப்ரலில் கிளீவ்லாந்து அணி ஃபிராங்க் ராபின்ஸன் என்ற கறுப்பரை மேலாளராகக் கொண்டு களமிறங்கியது. பெயரில்தான் ஒற்றுமை, உறவினர் அல்லர். அன்று தொடக்கப் பந்தை எறிந்தவர் ஜாக்கியின் மனைவி ரேச்சல்.