டீசல் ஒரு மனிதரின் பெயர்

2022இல் நாம் டீசலுக்காக வரிசையில் காத்துக்கிடந்தபோதுதான் ருடோல்ஃப் டீசலின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1858இல் பரிஸில் ஜேர்மன் பெற்றோருக்குப் பிறந்தவர். நீராவி இயந்திரம் எரிபொருளின் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்குவது மாணவப் பருவத்திலேயே அவரை உறுத்தியது. காற்றைப் பலமாக அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். இந்த எண்ணத்தை வைத்தே 1897இல் கால் பங்கு சக்தியை வேலையாக மாற்றிக் காட்டினார்.

அதைவிட என்னைக் கவர்ந்தது 1900 பரிஸ் கண்காட்சிதான். அங்கே அவரது வகை இயந்திரமொன்று கச்சான் எண்ணெயில் ஓடியது. ஆபிரிக்காவில் விளையும் கச்சானை அங்கேயே எரிபொருளாக்கலாம் என்பது பிரெஞ்சு அரசின் யோசனை. 1912இல் டீசலும் தாவர எண்ணெய்க்காகப் பேசினார். மலிவான பெற்றோலியமே வென்றது.

1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் இரவோடு காணாமல் போனார். பின்னர் கடலில் உடல் மிதந்தது. எண்ணெய்க் கம்பனிகளின் சதி என்பார்கள். நான் நம்பவில்லை. கழுத்தளவு கடனில் இருந்தார்.