மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) இந்திய மருத்துவர் ஆவார். விபத்தில் தண்டுவடம் காயமுற்று இடுப்புக்குக் கீழ் செயலிழந்த நிலையிலும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை மருத்துவம் செய்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். 1972 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மசிறீ விருதைப் பெற்றார்.

இளமையும் கல்வியும்

மேரி வர்கீஸ் கேரளத்தின் கொச்சியில் சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார்.

விபத்து

1954 ஆம் ஆண்டில் உடன் பணியாற்றியோருடன் சென்ற ஊர்தி விபத்துக்குள்ளானது. இவரது முகம் கடுமையாகக் காயமுற்றது. தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் மீளவில்லை.

அக்காலத்தில் இத்தகைய காயமுற்றோர் பலர் தண்டுவடக் காயத்தால் இறக்கவில்லை. படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றும், சிறுநீர்ப்பாதைத் தொற்றுமே அவர்கள் உயிரைப் பறித்தன. 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் நோயாளிகளைக் குறித்த நேர இடைவெளியில் புரட்டிப் படுக்க வைக்கும் முறையைக் கண்டிப்புடன் செயற்படுத்தி, இந்நிலையை மாற்ற வழிகாட்டினார்.

அறுவை மருத்துவப் பணி

தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் ஈடுபடுமாறு மருத்துவர் பால் பிராண்ட் இவரை ஊக்குவித்தார். அமர்ந்த நிலையில் செய்யக்கூடிய அப்பணியில் மேரி வர்கீஸ் தேர்ச்சி பெற்றார். தொழுநோயாளிகளின் கைகால் புண்களுக்கு உணர்விழப்பே முதன்மைக் காரணம் என்பது பிராண்டின் கண்டறிதல். வலி எச்சரிக்காததால், அழுத்தமும் காயமும் கவனிக்கப்படாமல் தொடர்கின்றன. தண்டுவடம் காயமுற்றோரின் தோலுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

மறுவாழ்வு மருத்துவம்

பின்னர் ஆத்திரேலியாவின் பேர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றார். நியூயார்க்கில் ஹாவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1963 இல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966 இல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. அது பின்னாளில் இவரது பெயரைப் பெற்றது.

படுக்கைப் புண் தடுப்பு

எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோலும் தசையும் தொடர்ந்து அழுத்தப்படும்போது அவ்விடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுத் திசு அழிகிறது. பிட்ட எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவை எளிதில் பாதிக்கப்படும். தண்டுவடம் காயமுற்றோருக்கு மட்டுமன்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்துடனும் செயற்கைச் சுவாசத்துடனும் கிடப்போருக்கும் இந்த இடர் மிகுதி. அவர்களால் வலியை உணர்ந்து புரண்டு படுக்க இயலாது.

பொதுவான தடுப்பு முறைகள்:

* ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, நோயாளியின் நிலைக்கேற்பப் படுக்கும் பக்கத்தை மாற்றுதல்
* இழுக்காமல் தூக்கி நகர்த்துதல்
* குதிகால் படுக்கையில் படாதவாறு காலுக்கடியில் தலையணை வைத்தல்
* ஈரம், மலம், சிறுநீர் தோலில் தங்காமல் பார்த்தல்
* புரதம் மிக்க உணவு அளித்தல்
* நாள்தோறும் தோலைப் பார்த்து, சிவந்த இடத்தைத் தேய்க்காமல் அழுத்தத்தை நீக்குதல்

சக்கர நாற்காலியில் இருப்போர் அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும்.

தென்காசிப் பகுதியில்

பனை, தென்னை மரங்களிலிருந்து விழுதலும் சாலை விபத்தும் தமிழக ஊரகங்களில் தண்டுவடக் காயத்திற்குக் காரணங்களாக உள்ளன. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தினருக்கு வேலூர் நெடுந்தொலைவு. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 இல் எஸ். இராமகிருட்டிணன் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இவரும் 1975 இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றவர். இச்சங்கம் தண்டுவடம் காயமுற்றோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் புண் வராமல் காப்பது குடும்பத்தினரின் அன்றாடப் பணியாகிவிடுவதால், அருகிலேயே பயிற்சி கிடைப்பது இன்றியமையாதது.

மறைவு

மேரி வர்கீஸ் 1986 இல் காலமானார். விபத்துக்குப் பின் முப்பதாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். இவரது வாழ்க்கையை டோரத்தி கிளார்க் வில்சன் டேக் மை ஹேண்ட்ஸ் என்னும் ஆங்கில நூலாக 1963 இல் வெளியிட்டார்.